கக்கன் பலகையில் என்ன எழுதுவது?

கூடல்நகரான்:
மேலூர் பக்கம் ஒரு பள்ளியில் விடுதலைப் போராட்டக் கண்காட்சி வைக்கிறார்கள். ஒரு தலைவருக்கு ஒரு பலகை. நாலு அடிக்கு மூணு அடி, படம் போக 120 சொல்லுக்குத்தான் இடம். கக்கன் பலகைக்கு வந்திருக்கும் வரைவைக் கீழே போடுகிறேன். அச்சுக்குப் போகுமுன் ஒரு கண் பாருங்கள்.

"பி. கக்கன். 1908 ஜூன் 18-ல் மேலூர் வட்டம் தும்பைப்பட்டியில் பிறந்தார். 1939-ல் வைத்தியநாத ஐயர் அழைத்துச் செல்ல மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தார். 1942-ல் வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் சிறை சென்றார். எம்.பி.யாகவும் பத்தாண்டு அமைச்சராகவும் இருந்தார். மேட்டூர், வைகை அணைகளைக் கட்டினார். இரண்டு விவசாயப் பல்கலைக்கழகங்களைத் தொடங்கினார். அமைச்சராக இருந்தும் மிக எளிமையாக வாழ்ந்தார். கடைசிக் காலத்தில் மதுரை அரசு மருத்துவமனையில் தரையில் படுத்திருந்தவரைக் கண்டு எம்.ஜி.ஆர். கண்கலங்கினார். எளிமையின் சிகரம். 1981 டிசம்பர் 23-ல் மறைந்தார்."

ஏடுதேடி:
மேட்டூரை முதலில் அடியுங்கள். அந்த அணை 1934-லேயே முடிந்துவிட்டது. கக்கன் பொதுப்பணித்துறை அமைச்சரானது 1957 ஏப்ரலில். இந்த வரி இணையத்தில் பத்து இடத்தில் கிடக்கிறது. ஒருவர் எழுதியதை அடுத்தவர் எடுத்துப்போட்டுப் பரவியது.

விவசாயப் பல்கலைக்கழகமும் அதே கதைதான். அவர் வேளாண்மையைப் பார்த்தது 1962 மார்ச் முதல் 1963 அக்டோபர் வரை, ஒன்றரை ஆண்டு. கோவைக் கல்லூரி பல்கலைக்கழகமானது 1971-ல். அப்போது அவர் சட்டமன்றத்திலேயே இல்லை. மேலூர் ரோட்டில் ஒத்தக்கடை வேளாண் கல்லூரி 1965-ல் வந்தது. அது கல்லூரி, பல்கலைக்கழகம் இல்லை. அந்த ஆண்டு அவர் உள்துறை அமைச்சர், வேளாண்மை வேறொருவரிடம். யானைமலை அடிவாரத்தில் அந்தக் கல்லூரிக் கட்டடத்தைப் பார்க்கிற பிள்ளைகள் படிக்கப்போகும் பலகை இது. தப்பாக எழுதினால் வாத்தியாரே சிரிப்பார்.

மேலூர்க்காரன்:
மேட்டூர் போகட்டும். வைகையைத் தொடாதீர்கள். 1959 ஜனவரி 21-ல் அணை திறந்தபோது பொதுப்பணி அமைச்சர் யார்? கக்கன்தானே?

எங்கள் பக்கம் தண்ணீர்க் கணக்கு தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பேரணை மதகில் புறப்படும் பெரியாறு பிரதான கால்வாய் கள்ளந்திரி வரை இருபோகம், 45,041 ஏக்கர். அதற்குக் கீழே மேலூர்ப் பகுதி ஒருபோகம், 85,563 ஏக்கர். கடைமடை நாங்கள்தான். வைகை அணை வருமுன் பெரியாற்றிலிருந்து திறக்கிற தண்ணீரை நடுவில் பிடித்துவைக்க இடம் கிடையாது. மலையிறங்கி ஆற்றோடு நேரே பேரணைக்கு வரும், வந்ததைத் திருப்பிவிட வேண்டும், மிஞ்சியது ராமநாதபுரம் பக்கம் ஓடும். ஆண்டிபட்டி பக்கம் அணை வந்து 71 அடிக்குத் தேக்க ஆரம்பித்த பிறகுதான், நாற்றங்காலுக்கு எப்போது விடுவது, நடவுக்கு எப்போது விடுவது என்று ஒரு முறை வைத்துப் பேச முடிந்தது. தும்பைப்பட்டியில் பிறந்தவன் அந்தத் துறையில் உட்கார்ந்திருந்தான் என்பது எங்களுக்குச் சின்ன விஷயமா?

ஏடுதேடி:
சின்ன விஷயம் என்று யார் சொன்னது, அண்ணே? "கட்டினார்" என்கிற வினைச்சொல்தான் பிரச்சினை. ஓர் அணைக்கு முதலில் நில அளவை, பிறகு மதிப்பீடு, நிர்வாக ஒப்புதல், திட்டக்குழுவின் நிதி, நில எடுப்பு, கடைசியில் வேலை. இத்தனையும் முடிய ஆண்டுக்கணக்காகும். அவர் பொறுப்பேற்கும்போது வைகையில் வேலை ஓடிக்கொண்டிருந்தது. பாதியில் கிடக்கும் வேலையை முடித்துத் திறப்பது வரை கொண்டுவந்தவர் அவர். முடிக்கிற அமைச்சரின் வேலையும் லேசானதில்லை. ஒப்பந்தக்காரர் பாக்கி, நில எடுப்பு வழக்கு, திருத்திய மதிப்பீடு எல்லாம் அவர் தலையில்தான் விழும். "இவர் பொதுப்பணி அமைச்சராக இருந்த காலத்தில் 1959-ல் திறக்கப்பட்டது" என்று எழுதுங்கள். அதில் ஓட்டை இல்லை.

நீலவானம்:
அணையை விடுங்கள். வரைவை மறுபடி படித்துப் பாருங்கள். எளிமைக்கு மூன்று வாக்கியம். அரசியல் நிர்ணய சபை இல்லை. 1957, 1962 சட்டமன்றத் தேர்தல்கள் இல்லை. தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டித் தலைவராக இருந்தது இல்லை. உள்துறை என்ற வார்த்தையே இல்லை. காவல்துறை யாருக்குச் சல்யூட் அடித்ததோ அவரை ஆஸ்பத்திரித் தரையில் படுக்கவைத்து முடித்துவிட்டீர்கள்.

காமராஜரும் எளிமைதான். ஆனால் அவர் பலகையில் பள்ளிக்கூடமும் மதிய உணவும் முதலில் வரும், கதர்ச்சட்டை கடைசியில் வரும். ஜீவாவும் எளிமைதான். அவருக்குப் பேச்சும் இயக்கமும் முதலில். கக்கனுக்கு மட்டும் வறுமையே வாழ்க்கை வரலாறு ஆகிவிடுகிறது. ஒரு பட்டியல் சாதிக்காரர் அதிகாரத்தில் இருந்தார் என்று சொல்ல நா எழாதவர்கள், அவர் ஏழையாகச் செத்தார் என்று சொல்லும்போது மட்டும் உருகுகிறார்கள்.

"அழைத்துச் செல்ல நுழைந்தார்" என்பதையும் மாற்றுங்கள். 31 வயது ஆள். மேலூர் வட்டாரத்தில் இரவுப் பள்ளி, ஹரிஜன சேவா சங்க வேலை என்று அலைந்த காங்கிரஸ்காரர். கைப்பிடித்துக் கூட்டிப்போன பிள்ளை இல்லை.

சித்திரைவீதி:
ஐயா நீலவானம், எளிமை பற்றிச் சொன்னதோடு எனக்குச் சண்டையில்லை. கோயில் நுழைவில் வைத்தியநாத ஐயரை ஓரத்துக்குத் தள்ளுவதை ஒப்ப மாட்டேன். அன்று ஆபத்து எங்கே இருந்தது என்று பார்க்க வேண்டும்.

1939 ஜூலை 8 காலையில் உள்ளே போனவர்கள் பட்டியல் சாதியினர் ஐந்து பேர், நாடார் ஒருவர். கூட்டிப்போனவர்கள் வைத்தியநாத ஐயரும் எல்.என். கோபாலசாமியும். வாசலில் வரவேற்றவர் நிர்வாக அதிகாரி ஆர்.எஸ். நாயுடு. அன்றைய நிலையில் வழக்கத்தை மீறி ஆளை உள்ளே விட்டால் அறங்காவலர்மீதும் அதிகாரிமீதும் வழக்குப் போடலாம். "வழக்கப்படி எங்களுக்குள்ள உரிமை பறிபோனது, கோயில் தீட்டானது, சுத்தி செய்யச் செலவு கொடு" என்று சிவில் கோர்ட்டில் நிற்பார்கள். பட்டர்கள் ஒரு பகுதியினர் வேலைக்கு வராமல் கருவறையைப் பூட்டினார்கள். அதைத் திறக்கவைத்துப் பூசையைத் தொடரச்செய்தது நாயுடு.

அதனால்தான் ராஜாஜி அரசு அவசரமாகச் சட்டம் கொண்டுவந்தது. முதலில் ஓர் அவசரச் சட்டம், பிறகு 1939-ன் 22-ஆம் எண் சட்டம். அதில் இரண்டு பாகம். ஒன்று, வழிபடுவோரில் பொதுவாக எதிர்ப்பில்லை என்று அறங்காவலர் கருதினால் அரசின் ஒப்புதலோடு கோயிலைத் திறக்கலாம். இன்னொன்று, ஏற்கெனவே திறந்துவிட்டவர்களுக்கு வழக்கிலிருந்து பாதுகாப்பு. மதுரையைக் காப்பாற்றியது அந்த இரண்டாவது பாகம். தன் சாதி விலக்கிவைக்கும், வக்கீல் தொழில் படுக்கும், வழக்கு வரும் என்று தெரிந்தே ஐயர் முன்னால் நடந்தார். அதை வெறும் "தலைமை" என்று ஒரு சொல்லில் கடந்துபோக முடியாது.

நீலவானம்:
வழக்கு வரும் என்ற ஆபத்து அவருக்கு. அடி விழும், ஊரில் கூலிவேலை நிற்கும், குடிசைக்குத் தீ வரும் என்ற ஆபத்து உள்ளே போன ஐந்து பேருக்கு. கோர்ட்டில் நடந்தது காகிதத்தில் இருக்கிறது. சேரியில் நடந்தது காகிதத்தில் இல்லை. காகிதத்தில் இருப்பதை மட்டும் எடைபோட்டால் தராசு எந்தப் பக்கம் சாயும்?

ஐயரை எடுக்கச் சொல்லவில்லை. அவர் பெயர் இருக்கட்டும். வாக்கியத்தின் எழுவாய் கக்கனாக இருக்கட்டும். பலகை கக்கனுடையது.

சித்திரைவீதி:
"வைத்தியநாத ஐயர் தலைமையில் நுழைந்த பட்டியல் சாதியினர் ஐவரில் ஒருவர்." இது சரிதானா?

நீலவானம்:
சரி.

கூடல்நகரான்:
அரசியல் நிர்ணய சபையைச் சேர்த்துக்கொள்கிறேன். 1952 எம்.பி. தனித்தொகுதிதானே? அப்படியே எழுதலாமா?

ஏடுதேடி:
வேண்டாம். இன்றைக்கு உள்ள தனித்தொகுதி மாதிரி நினைத்துக்கொள்வார்கள். 1952-ல் மதுரை லோக்சபா இரட்டை உறுப்பினர் தொகுதி. ஒரே நிலப்பரப்பு, இரண்டு எம்.பி., அதில் ஓர் இடம் ஒதுக்கீடு. கொடிமங்கலம் பாலசுப்பிரமணியமும் கக்கனும் அங்கிருந்து போனார்கள்.

ஒவ்வொரு வாக்காளருக்கும் இரண்டு ஓட்டு. பின்னால் வந்த, சீட்டில் முத்திரை குத்தும் முறை அப்போது இல்லை. வேட்பாளருக்கு ஒரு பெட்டி, பெட்டிமேல் சின்னம். மறைப்புக்குப் பின்னால் போய், பிடித்த பெட்டியில் சீட்டைப் போட வேண்டும், அவ்வளவுதான். இரட்டைத் தொகுதியில் இரண்டு சீட்டு கொடுப்பார்கள். இரண்டையும் ஒரே ஆளின் பெட்டியில் போடக் கூடாது. போட்டால் எண்ணும்போது ஒன்றை ஏற்று மற்றதைத் தள்ளுவார்கள். எழுத்தறிவில்லாத வாக்காளருக்கு இது பெரிய குழப்பம். "ரெண்டும் காங்கிரசுக்கு" என்று நினைத்து இரண்டையும் ஒரே காளைமாட்டுப் பெட்டியில் தள்ளினால் ஓர் ஓட்டு வீண். பெட்டிக்குள் போடாமல் மேலேயே வைத்துவிட்டு வருவதும் நடந்தது. மறைப்புக்குப் பின்னால் சீட்டை மடியில் செருகிக்கொண்டு வெளியே வந்து விற்றுவிடவும் முடியும், ஏனென்றால் சீட்டில் குறி எதுவும் கிடையாது. 1962-க்குள் முத்திரை முறைக்கு மாறியதற்கு இதெல்லாம் காரணம்.

எண்ணுகிற முறை இன்னும் முக்கியம். முதலில் பட்டியல் சாதி வேட்பாளர்களில் அதிக ஓட்டு வாங்கியவர் ஒதுக்கீட்டு இடத்துக்கு. பிறகு மிச்சமுள்ள எல்லாரிலும் அதிக ஓட்டு வாங்கியவர் பொது இடத்துக்கு. அந்த இரண்டாவது ஆளும் ஒதுக்கீட்டுப் பிரிவைச் சேர்ந்தவராக இருக்கலாம். 1957-ல் ஆந்திராவில் பார்வதிபுரத்தில் அப்படியே நடந்தது. இரண்டு இடமும் பழங்குடி வேட்பாளர்களுக்குப் போக, வி.வி. கிரி தோற்று, சுப்ரீம் கோர்ட் வரை போய் அங்கேயும் தோற்றார். 1961-ல் சட்டம் போட்டு இந்த முறையையே எடுத்துவிட்டார்கள்.

நீலவானம்:
எடுத்தது யாருக்கு வசதி என்பதையும் சொல்லுங்கள். இரட்டைத் தொகுதியில் எல்லாச் சாதி வாக்காளரிடமும் கக்கன் ஓட்டுக் கேட்கப் போயாக வேண்டும், கூட நிற்கும் பொது வேட்பாளரும் சேரிக்குள் வந்து கேட்டாக வேண்டும். பிரித்த பிறகு தனித்தொகுதி ஓரிடம், பொதுத்தொகுதி ஓரிடம். பொதுத்தொகுதிக்காரர் சேரிப் பக்கம் தலைகாட்டும் கட்டாயம் குறைந்தது.

ஏடுதேடி:
தனித்தொகுதியிலும் ஓட்டுப் போடுவது எல்லாச் சாதியும்தான். பெரும்பான்மைச் சாதிகளுக்குப் பிடிக்காத பட்டியல் சாதி வேட்பாளர் எந்த முறையிலும் ஜெயிப்பது கடினம். அம்பேத்கர் பட்டியல் சாதியினருக்குத் தனி வாக்காளர் தொகுதி கேட்டதும், 1932-ல் பூனாவில் அதை விட்டுக்கொடுத்ததும் இந்த இடத்தில்தான். கக்கன் அந்த எல்லைக்குள் நின்று ஜெயித்தவர். காங்கிரசின் பட்டியல் சாதி முகம் என்று அவரைக் குறைசொல்வோர் இந்த எல்லையைக் கணக்கில் எடுப்பதில்லை.

நீலவானம்:
எல்லையைக் கணக்கில் எடுத்தே கேட்கிறேன். 1957 செப்டம்பர் 11, பரமக்குடியில் பட்டியல் சாதித் தலைவர் இம்மானுவேல் சேகரன் கொல்லப்பட்டார். முதுகுளத்தூர் எரிந்தது. எட்டுப் பேர் கொண்ட அமைச்சரவையில் ஹரிஜன நலத்தைக் கையில் வைத்திருந்தவர் கக்கன். அந்த எட்டில் அவர் குரலுக்கு என்ன எடை இருந்தது? எளிமைக் கதை சொல்கிற யாரும் இந்தக் கேள்விப் பக்கம் வருவதில்லை.

ஏடுதேடி:
அன்று உள்துறை பக்தவத்சலத்திடம். சட்டமன்றத்தில் பதில் சொன்ன துறையும் அதுவே. ஹரிஜன நலத்துறையின் கைக்குள் இருந்தது விடுதி, உதவித்தொகை, வீட்டுமனை, கிணறு. காவல்துறையை நகர்த்தும் கோப்பு அந்த மேசைக்கு வராது. கேள்வி நியாயமானது. ஆனால் 120 சொல்லில் அதற்கு இடமில்லை.

மாசிவீதி:
1957-ல் கோப்பு வரவில்லை, சரி. 1965-ல் வந்ததே? 1963 அக்டோபரில் காமராஜ் பதவி விலகி பக்தவத்சலம் முதல்வரானபோது உள்துறையும் போலீசும் கக்கனிடம் போனது. அதைப் பற்றி இங்கே ஒருத்தர்கூட வாய் திறக்கவில்லை.

1965 ஜனவரி 25, வடக்கு மாசி வீதி. இந்தி எதிர்ப்பு மாணவர் ஊர்வலம் காங்கிரஸ் அலுவலகம் பக்கம் வந்தபோது மோதல், வெட்டுக்காயம், பந்தலுக்குத் தீ. மாநிலம் முழுக்கப் பரவியதன் முதல் பொறி நம் ஊரில்தான். 27-ஆம் தேதி சிதம்பரத்தில் மாணவர் ராசேந்திரன் குண்டடிபட்டுச் செத்தார். பிப்ரவரி 12 பொள்ளாச்சியில் துப்பாக்கிச் சூடு. அரசுக் கணக்கிலேயே சுமார் 70 சாவு, மற்றவர்கள் சொல்லும் கணக்கு அதைவிடப் பல மடங்கு. மத்திய அமைச்சர்கள் சி. சுப்பிரமணியமும் அளகேசனும் ராஜினாமா கொடுத்தார்கள். மாநில உள்துறை அமைச்சர் கொடுக்கவில்லை. உங்கள் பலகையில் இதற்கு ஒரு வரியாவது உண்டா?

மேலூர்க்காரன்:
வந்துவிட்டீர்களா? திருப்பூரில் இரண்டு சப்-இன்ஸ்பெக்டரை உயிரோடு கொளுத்தினார்களே, அதையும் எழுதச் சொல்லுங்கள். முடிவெடுத்தது முதல்வர், டில்லி. பழி மட்டும் கக்கனுக்கா? அவர் கையில் துப்பாக்கி இருந்ததா?

மாசிவீதி:
தாராளமாக எழுதுங்கள், அதுவும் நடந்ததுதான். துப்பாக்கி எந்த அமைச்சர் கையிலும் இருக்காது அண்ணே. அணைக்கு மண் சுமந்ததும் அவர் இல்லை. வைகைக்குப் பெயர் வேண்டும், பொள்ளாச்சிக்கு வேண்டாம் என்றால் அது என்ன கணக்கு?

மேலூர்க்காரன்:
அணை ஒரு துறையின் வேலை. 65 மொத்த அரசாங்கத்தின் முடிவு. இரண்டையும் ஒரே படியில் அளக்காதீர்கள்.

ஏடுதேடி:
நடைமுறையைப் பிரித்துப் பார்த்தால் சண்டை பாதி குறையும். அன்று நடப்பில் இருந்தது 1898-ஆம் ஆண்டு குற்றவியல் நடைமுறைச் சட்டம். 127, 128 பிரிவுகளின்படி சட்டவிரோதக் கூட்டத்தைக் கலைக்கச் சொல்லும் அதிகாரம் அந்த இடத்தில் இருக்கும் மாஜிஸ்திரேட்டுக்கு, அல்லது காவல் நிலையப் பொறுப்பு அதிகாரிக்கு. எச்சரிக்கை, தடியடி, கண்ணீர்ப்புகை, பிறகுதான் துப்பாக்கி. சென்னையில் உட்கார்ந்திருக்கும் அமைச்சர் ஒவ்வொரு சூட்டுக்கும் உத்தரவு போடுவதில்லை.

ஆனால் அது முடிந்ததும் பொறுப்பு கோட்டைக்குப் போகிறது. எத்தனை குண்டு, யார் உத்தரவு என்று அறிக்கை வர வேண்டும். அதிகாரி மட்ட விசாரணையா நீதி விசாரணையா என்று அரசு முடிவெடுக்க வேண்டும். சட்டமன்றத்தில் பதில் சொல்ல வேண்டும். அந்த இரண்டாம் கட்டத்தில் உள்துறை அமைச்சருக்குக் கட்டாயம் பங்கு உண்டு. முதல்வரும் சேர்ந்தே சுமந்தார் என்பதால் கக்கன் சுமக்கவில்லை என்று ஆகாது. மாசிவீதி சொல்வதில் எனக்கு உடன்பாடு. ராஜினாமா ஒப்பீடுதான் ஒட்டவில்லை. சுப்பிரமணியமும் அளகேசனும் டில்லியின் மொழிக் கொள்கையை எதிர்த்து விலகினார்கள், துப்பாக்கிச் சூட்டுக்குப் பொறுப்பேற்று இல்லை.

உள்துறைக் கணக்கில் இன்னொன்று: லஞ்ச ஒழிப்பு இயக்ககம் வந்தது 1964-ல், இவர் காலத்தில். அதையும் "கக்கன் கண்டுபிடித்தார்" என்று எழுதிவிடாதீர்கள். அந்த ஆண்டு ஊழல் தடுப்பு பற்றிய சந்தானம் குழு அறிக்கை வந்து நாடு முழுக்கவே கண்காணிப்பு அமைப்புகள் முளைத்த நேரம்.

நீலவானம்:
நான் மாசிவீதி பக்கம். வியப்பாக இருக்கும், ஆனாலும் சொல்கிறேன். 65-ஐ எழுதினால்தான் கக்கன் அதிகாரத்தில் இருந்தவர் என்று பலகை ஒப்புக்கொள்கிறது. அவரைத் தப்பே செய்யாத ஏழையாக வைப்பதைவிடக் கணக்குக் கேட்கத் தகுந்த அமைச்சராக வைப்பது மரியாதை.

மேலூர்க்காரன்:
நல்ல மரியாதை! பத்தாண்டு மந்திரி, கடைசியில் பெரியாஸ்பத்திரியில் பொது வார்டு. இதைப் பார்த்து ஒரு பிள்ளை "பதவியில் இருந்து சம்பாதிக்காத ஆளும் இருந்திருக்கிறார்" என்று நினைத்தால் உங்களுக்கு என்ன நஷ்டம்? இன்றைக்கு வார்டு மெம்பர் வீட்டைப் போய்ப் பாருங்கள். எளிமையை நீங்கள் அலங்காரம் என்கிறீர்கள். பொதுப்பணித்துறையைக் கையில் வைத்திருந்தவனுக்கு அது அலங்காரம் இல்லை. ஒப்பந்தம், டெண்டர், சிமென்ட், கம்பி என்று காசு புரளுகிற துறை அது. அங்கே ஐந்து ஆண்டு இருந்து வெறுங்கையோடு வெளியே வந்தது அவருடைய அமைச்சர் வேலையின் ஒரு பகுதி. இதைத் தனிவாழ்க்கை என்று ஒதுக்க முடியாது.

ஏடுதேடி:
இந்த வாதம் எனக்குப் பிடித்திருக்கிறது. இப்படி எழுதினால் எளிமை அவர் பார்த்த துறையோடு சேர்ந்து நிற்கும். சிக்கல் ஆஸ்பத்திரிக் காட்சியில்தான். ஒரு வடிவத்தில் கட்டில், ஒன்றில் தரை, ஒன்றில் வராந்தா. எம்.ஜி.ஆர். அங்கே சிகிச்சையில் இருந்த மதுரை மேயர் முத்துவைப் பார்க்க வந்தார் என்பது எல்லா வடிவத்திலும் உண்டு. மற்ற உரையாடல் எல்லாம் சொல்பவர் கைச்சரக்கு. பொதுப் பிரிவில் சிகிச்சை, பிறகு எம்.ஜி.ஆர். அரசு செய்த உதவி, இது போதும். தரையும் கண்ணீரும் வேண்டாம்.

கூடல்நகரான்:
சட்டமன்றத்தில் அவர் என்ன பேசினார் என்று மாணவர்களே தேடி ஒரு சிறு பக்கம் ஒட்டலாம் என்று யோசனை. எங்கிருந்து தொடங்கச் சொல்வது?

ஏடுதேடி:
பேரவை நடவடிக்கைக் குறிப்புகளிலிருந்து. பெயரை வைத்துத் தேடப்போகாதீர்கள், துறையையும் மாதத்தையும் வைத்துப் போங்கள். மார்ச், ஏப்ரல் பட்ஜெட் கூட்டத்தில் மானியக் கோரிக்கைகள் வரும், அதாவது துறைவாரியாகச் செலவுக்கு ஒப்புதல் கேட்பது. ஒவ்வொரு கோரிக்கையிலும் முதலில் அமைச்சர் முன்வைப்பு, பிறகு தொகையைக் குறைக்கச் சொல்லும் எதிர்க்கட்சியின் வெட்டுத் தீர்மானங்கள், உறுப்பினர் பேச்சு, கடைசியில் அமைச்சர் பதில். அந்தக் கடைசிப் பதிலைப் படிக்க வேண்டும். முன்வைப்பு துறை எழுதிக் கொடுத்தது. பதிலில்தான் ஆள் தெரிவார். 1958 முதல் 61 வரை பொதுப்பணி, 1963 வேளாண்மை, 1964 முதல் 66 வரை காவல். இந்த எட்டுப் பட்ஜெட் கூட்டம் போதும்.

அடுத்தது கேள்வி நேரம். நட்சத்திரக் குறியிட்ட வினாக்களை மட்டும் எடுங்கள். அவற்றுக்குத்தான் வாய்மொழிப் பதிலும் துணைக் கேள்விகளும் உண்டு. குறியில்லாதவற்றுக்கு எழுத்துப் பதிலோடு சரி.

மின்னுருவாக்கிய பக்கங்களில் ஒரு தொல்லை வரும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சு என்பதால் லை, ணை, னை எல்லாம் பழைய தும்பிக்கை வடிவில் இருக்கும். கணினி அதைத் தப்பாகப் படித்துவைத்திருக்கும். "அணை", "சாலை" என்று தட்டினால் ஒன்றும் வராது. "வாய்க்கால்", "பாலம்", "மராமத்து" என்று தட்டுங்கள். இல்லாவிட்டால் தொகுதியின் பொருளடக்கத்தைக் கண்ணால் பார்ப்பதே வேகம். 1957 அமைச்சரவையில் மின்சாரம் வி. ராமையாவிடம் இருந்தது, ஆகவே பொதுப்பணிப் பேச்சில் மின்திட்டக் கேள்விகளைத் தேடி நேரத்தை வீணடிக்க வேண்டாம்.

சிறைவாசத்துக்குத் தியாகி பென்ஷன் கோப்புகளும் ஒரு வழி. மத்தியத் திட்டம் 1972 ஆகஸ்ட் 15-ல் தொடங்கியது. பொதுவாக ஆறு மாதச் சிறை, அதற்குச் சிறைச் சான்று கேட்டார்கள். பதிவேடு தொலைந்த சிறைகளுக்கு உடன் இருந்த கைதியின் சான்று. கக்கனோடு சிறையில் இருந்த மேலூர்க்காரர்கள் யாராவது அப்படி விண்ணப்பித்திருந்தால் அதில் வருடமும் சிறையும் எழுதியிருக்கும்.

கூடல்நகரான்:
இதுவரை வந்ததைச் சேர்த்துத் திருத்திய வரைவு:

"பி. கக்கன் (18.6.1908 – 23.12.1981). தும்பைப்பட்டியில் பிறந்தார். 1939 ஜூலை 8-ல் வைத்தியநாத ஐயர் தலைமையில் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்த பட்டியல் சாதியினர் ஐவரில் ஒருவர். 1942-ல் சிறை. அரசியல் நிர்ணய சபை உறுப்பினர். 1952-ல் மதுரையின் இரண்டு எம்.பி.க்களில் ஒருவர். 1957 முதல் பொதுப்பணி அமைச்சர்; வைகை அணை இவர் காலத்தில் 1959-ல் திறக்கப்பட்டது. 1962-ல் வேளாண் அமைச்சர். 1963 முதல் 1967 வரை உள்துறை அமைச்சர். 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் நடந்த துப்பாக்கிச் சூடுகளுக்குச் சட்டமன்றத்தில் பதில் சொல்ல வேண்டிய பொறுப்பில் இருந்தார். பெரும் செலவுத் துறைகளைப் பத்தாண்டு கையாண்டும் சொத்துச் சேர்க்காதவர். முதுமையில் அரசு மருத்துவமனையின் பொதுப் பிரிவில் சிகிச்சை பெற்றார்."

மாசிவீதி:
"நடந்த துப்பாக்கிச் சூடுகள்" என்றால் எத்தனை பேர் செத்தார்கள் என்று பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும்? "அரசுக் கணக்கில் சுமார் 70 பேர் இறந்த" என்று சேருங்கள். இடம் இருக்கிறதே.

மேலூர்க்காரன்:
70 என்று போட்டால் எங்கள் ஊர்க்காரர் யாரும் அந்தப் பலகை முன்னால் நிற்க மாட்டார்கள். அதில் போலீஸ்காரர் சாவும் சேர்ந்த கணக்கு, எல்லாம் சூட்டில் போனது இல்லை. இப்போது உள்ள வரியையே நான் மென்று விழுங்குகிறேன்.

ஏடுதேடி:
எண்ணைப் போடுவதாக இருந்தால் "கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும்" என்று இரண்டையும் சொல்லியாக வேண்டும். அதில் மேலூர்க்காரர் பக்கம் நியாயம் இருக்கிறது.

சித்திரைவீதி:
பள்ளித் தலைமை ஆசிரியர் எண்ணை ஏற்பாரா என்பதையும் பாருங்கள். நான் எண் இல்லாமலே போகலாம் என்பேன்.

நீலவானம்:
எண் வேண்டும், ஏடுதேடி சொன்ன வாசகத்தோடு. சபை வரியில் 1946-ஐ விட்டுவிட்டீர்கள், சேருங்கள். அங்கே அவரை அனுப்பியது மாகாணச் சட்டமன்ற உறுப்பினர்களின் ஓட்டு. மக்களிடம் நேராக ஜெயித்தது 1952-ல். 1967 தோல்வியும் காணோம். ஜெயித்ததை மட்டும் எழுதினால் எப்படி?

மாசிவீதி:
ஆமாம். "1967-ல் மேலூர் தெற்கில் தி.மு.க.வின் ஓ.பி. ராமனிடம் தோற்றார்." காங்கிரசுக்கே 51 இடம்தான் வந்த தேர்தல், அவர் ஒருவரின் தோல்வி என்று யாரும் நினைக்க மாட்டார்கள்.

மேலூர்க்காரன்:
தோல்வியைப் போடுங்கள், அதில் எனக்கு வருத்தமில்லை. அரிசித் தட்டுப்பாட்டு வருஷம், காமராஜரே விருதுநகரில் 1,285 ஓட்டில் தோற்றார். 70-ஐ மட்டும் தலைமை ஆசிரியரிடமே விடுங்கள்.

கூடல்நகரான்:
1946-ஐயும் தோல்வியையும் சேர்த்துவிட்டேன். சாவு எண்ணோடு ஒன்று, எண் இல்லாமல் ஒன்று, இரண்டு வரைவும் பள்ளிக்குப் போகிறது. புதன்கிழமைக்குள் அச்சகத்துக்குக் கொடுத்தாக வேண்டும். சட்டமன்றத்தில் பேசும் கக்கன் படம் யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள். இப்போது கையில் இருப்பது பாஸ்போர்ட் அளவு, நாலடிப் பலகைக்குப் பெரிதாக்கினால் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது.